உஷாங்கியின் பம்பு ஒழுகிய பதினோரு வருடம்

உஷாங்கியின் டீசல் வண்டி பதினோரு வருடம் தண்ணீர் ஒழுகியது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அடிவாரத்து அல்வானியில் பட்டறை வைத்திருக்கும் முர்மான் வண்டிக்கு அடியில் பால் கேனை வைத்து அளந்தே பார்த்தான். பகலுக்கு நாலு லிட்டர், பிற்பாடு ஐந்து. மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்துவரை நின்றது. கேன் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான். உப்புக் கரித்தது. துஷேத்தி மலைமேல் இருக்கும் உஷாங்கியின் ஊரான ஓமாலோவுக்கு உப்பு மூட்டை ஏற்றிவரும் கூலி அப்போது உப்பின் விலையைவிட அதிகம். அதனால் ஆட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. உஷாங்கி வழக்கமாக வண்டி நிறுத்தும் இடங்களில் தட்டைக் கற்களைப் போட்டு வைத்தார்கள். செம்மறிகள் வந்து நக்கிவிட்டு மேயப் போயின.

உஷாங்கிக்குத்தான் அது பொறுக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய ஜப்பான் வண்டிக்கு அவன் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பை ஏழு தடவை மாற்றினான். புதியது மூன்று, கழற்றி விற்றது மூன்று, ஊர் பேர் தெரியாத ஒன்று. ஒவ்வொரு முறையும் முர்மான் விசிறியைக் கழற்றி, பெல்ட்டை உருவி, பழைய கேஸ்கெட்டைக் கத்தியால் சுரண்டி, பசை தடவி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் வண்டி ஊருக்குள் நுழைந்து, புருஷனை இழந்த லம்ஸீராவின் வீட்டைக் கடக்கும்போது சொட்ட ஆரம்பித்துவிடும். ஏழாவது பம்போடு முர்மான் கையைக் கழுவிவிட்டான். "யப்பா சாமி, ஒன் வண்டிக்கு மெக்கானிக் வேணாம்டா. ஒன்னு பாதிரியாரக் கூப்பிடு, இல்ல நீயே எதாச்சும் வாயத் தொறந்து சொல்லு. வண்டி சும்மா அழாது" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். உஷாங்கிக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

அவன் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே தண்ணீர் கசிந்து, பம்பு போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பதினோரு வருடம் முன்பு, கணவாயைப் பனி மூடுவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அந்த ஓட்டை கசிய ஆரம்பித்தது. ஆள் ஏற்றிப் பிழைக்கும் அவனுக்கு அது சீசனின் கடைசி வாரம். சொட்டுகிற வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். உஷாங்கி பூர்ச்ச மரத்தில் ஒரு முளை சீவி ஓட்டையை அடைத்தான். கசிவு நின்றது. வெளியே வரவேண்டிய தண்ணீர் உள்ளே தண்டைச் சுழலவிடும் பேரிங்குக்குப் போய் அதை அரித்தது. நாலாம் நாள் காலையில் அவனுடைய நண்பன் ஷேத்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். அவனையும் அவன் மனைவி லம்ஸீராவையும் மூன்று ஆட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு உஷாங்கி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே பேரிங் இறுகியது, பெல்ட் அறுந்தது, எஞ்சின் கொதித்து நின்றுபோனது. உஷாங்கி ஷேத்தேயை முதுகில் சுமந்துகொண்டு பனியில் நாலு மணி நேரம் நடந்தான். முதுகிலேயே ஷேத்தே செத்துப்போனான்.

வண்டி நின்றபோது பசிக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டுக்காரர்கள் லம்ஸீராவின் மூட்டையை அவிழ்த்திருந்தார்கள். அவள் சமவெளிப் பெண். அவள் அம்மா கீழேயிருந்து மேலே அனுப்பிய மூட்டை அது. பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே ரொட்டிக்கு நடுவில் ஒரு துண்டு பன்றிக்கறி இருந்தது. துஷேத்தி மலையில் பன்றிக்கறி ஏறக்கூடாது. ஏறினால் எதுவும் நடக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூன்று ஆட்டுக்காரர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்கள். அதன்பிறகு வண்டி ஏன் நின்றது என்று யாரும் உஷாங்கியைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. முளையோடு பம்பைக் கழற்றிப் பள்ளத்தாக்கில் வீசிவிட்டுத்தான் முர்மானைக் கூப்பிட்டான். ஊர் அவனைத் தோளில் தட்டிக்கொடுத்தது. புருஷனைக் கொன்றது தன் மூட்டைதான் என்று லம்ஸீராவும் நம்பினாள். சாவு வீட்டில் அவள் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றாளாம்.

அந்த வருடத்திலிருந்து எந்த டிரைவரும் அவளை வண்டியில் ஏற்றவில்லை. ஊரே பனிக்காலத்துக்குக் கீழே இறங்கியபோது பத்து ஆடுகளோடும் ஒரு பசுவோடும் அவள் மேலேயே தங்கிவிட்டாள். தன் புருஷனைச் சுமந்தவன் என்று உஷாங்கிக்கு மட்டும் வாரம் ஒருமுறை பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவன் அதை வாங்கித் தின்றான். நாலாம் வருடம் கோடையில் அவள் அம்மா சாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. லம்ஸீரா அவனிடம் ஓடிவந்தாள். "அண்ணே, நீங்க ஒருத்தர்தான் என்னை ஏத்திக்குவீங்க." அவனுக்கு அவளோடு அந்தக் கணவாயில் ஏறத் தைரியமில்லை. "பம்பு ஒழுகுதும்மா. நம்பிப் போக முடியாது" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தே போனாள். மூன்று நாள். போய்ச் சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து மண் காய்ந்திருந்தது. பேசாமல் இருந்ததுகூடக் கோழைத்தனம் என்று போகட்டும். இந்தப் பொய்க்கு உஷாங்கிக்கே தன்னிடம் ஒரு சமாதானமும் இருக்கவில்லை. அன்றிலிருந்து கேனில் ஒரு லிட்டர் கூடியது.

பதினோராம் வருடம் எட்டாவது பம்பை அவன் தன் வீட்டு வாசலில் தானே மாற்றிக்கொண்டிருந்தான். லம்ஸீரா ரொட்டியோடு வந்து கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். ஆடுகள் பின்னாலேயே வந்து கற்களை நக்கின. பழைய பம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பொத்தல் எதுக்குண்ணே?"

"உள்ள சீல் போச்சுன்னா அது வழியா கசியும். நமக்குத் தெரியறதுக்கு."

"அடச்சிட்டா?"

அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. பேச்சுக்குக் கேட்டாள். உஷாங்கி ஸ்பேனரைக் கீழே வைத்தான். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்: முளை, பேரிங், பள்ளத்தாக்கு. "ஒன் மூட்டைக்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமே இல்ல லம்ஸீரா. நான்தான். அன்னைக்கும் நான்தான், இத்தனை வருஷமும் நான்தான்."

அவள் பம்பைத் தரையில் வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கம்மா கெடந்தப்ப, ஒழுகுதுன்னு சொன்னியே. தண்ணி கொறஞ்சுதா?"

அத்தனை வருடம் அண்ணே என்றும் நீங்க என்றும் கூப்பிட்டுவந்த வாய் அது.

"கொறயல."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் கொறயல."

அவள் எழுந்து, கொண்டுவந்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம திருவிழாவுல எல்லாரும் இருப்பாங்க. அங்க சொல்லு. எங்கிட்ட சொன்னது பத்தாது" என்று சொல்லிவிட்டு ஆடுகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திருவிழாவில் பெண்கள் சன்னிதிப் பக்கம் போகக்கூடாது. லம்ஸீரா கல்லெறி தூரத்தில், காதுக்கு எட்டும் இடத்தில் நின்றாள். செத்தவர்களுக்காகக் குடிக்கும் முறை வந்தபோது உஷாங்கி பியர்க் கிண்ணத்தோடு எழுந்து, பம்பு சங்கதி முழுவதையும் சொன்னான். குடிக்கவில்லை, கிண்ணத்தைத் தரையில் வைத்தான். அந்த மூன்று ஆட்டுக்காரர்களில் உயிரோடு இருந்த இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் மட்டும், "பதினோரு வருஷமா அந்தப் பொண்ணு வாசல்ல நான் தண்ணிகூட வாங்கிக் குடிச்சதில்லயேடா, பாவி" என்று கத்தினான். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் உஷாங்கிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த மூன்று நாள் லம்ஸீராவின் வீட்டுக்கு ஒவ்வொருவராக வெண்ணெயும் மாவும் கொண்டுபோனார்கள். அவள் வாங்கிக்கொண்டாள், யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.

நாலாம் நாள் காலையில் கறுப்பு முக்காடும் ஒரு சின்ன மூட்டையுமாக வந்து, கேட்காமல் உஷாங்கி வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க?"

"எங்கம்மா குழிக்கு. கெளப்பு."

"லம்ஸீரா, நீ என்னை மன்னிச்சு..."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அவன் ஓட்டினான். எட்டாவது பம்பும் அவள் வீட்டைக் கடக்கும்போதே ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஊர் எல்லைவரை செம்மறிகள் வண்டிக்குப் பின்னால் சாலையை நக்கிக்கொண்டே வந்து நின்றன. கணவாயைத் தாண்டி, ஷேத்தே செத்த வளைவில் உஷாங்கி வேகத்தைக் குறைத்தான். அவள் கையால் போ என்று காட்டினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்; சத்தம் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுவதுபோல அழுதாள். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். அடிவாரத்துப் பாலம் வந்தபோதுதான் அவள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னும் ஒழுகுதா?"

அவன் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். "ஒழுகுது."

"சரி, ஒழுகட்டும்," என்றாள். "போ."