பீரங்கி குரைப்பதற்கு முன்னால்

பல்செட்டுக்காரருக்குச் சந்தேகம்தான் முழுநேர வேலை. பல்செட்டு செய்வதெல்லாம் நடுவில் கிடைக்கிற ஓய்வு நேரத்தில்தான். முதல் மாடியில் வாடகை வீடு. முன்னறை ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்து மெழுகில் பல் பதித்துக்கொண்டிருப்பார். காது மட்டும் மாடிப்படியில் இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கும் தாடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், கதவில் பதித்த கண்ணாடித் துளையில் ஒரு கண்ணை ஒட்டிக்கொள்வார். தபால்காரர் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால்கூட இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் வீட்டு நாய். பெயர் பீரங்கி. ஆள் தலையணை அளவுதான், ஆனால் வாயைத் திறந்தால் கட்டடமே காதைப் பொத்திக்கொள்ளும். பொறுத்துப் பார்த்த மேல்மாடி ரயில் கார்டு, ஓய்வுபெற்ற மனிதர், ஒருநாள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டு ஓனர் நேரில் வந்து கறாராகச் சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் இங்கயே உக்காருவேன். அது வாய மூடலன்னா, ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்."

பிள்ளை இல்லாத வீடு அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி மழையில் தூக்கி வந்து துவட்டி வளர்த்த நாய். அதை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு இறங்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாளே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். மனைவிதான் நாயோடு உள்ளே போனாள். இவர் ஸ்கூட்டரை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்களோ என்று வெளியிலேயே காவல் நின்றார். உள்ளே அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பீரங்கி வாயே திறக்கவில்லை.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லயாம். குரைக்கும்போது நாம கத்தக் கூடாதாம், நாமளும் கூடச் சேந்து குரைக்கிறோம்னு நெனச்சுக்குமாம். தானா நிறுத்தினதும் ஒரு துண்டு பிஸ்கட் குடுக்கணும். அப்புறம், குரைக்கிறதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதச் சொன்னாங்க."

"இதச் சொல்லவா அரை மணி நேரம்?"

மனைவி நாயை அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

இவர் கையில் எப்போதும் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு அப்பியிருக்கும் என்பதால் நோட்டு எழுதும் வேலை அவளுடையதானது. எழுதுவாள், மூடுவாள், துணி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். நாய்க் கணக்குக்கு எதற்கு இத்தனை பந்தோபஸ்து என்று அவருக்கு உள்ளே குடைய ஆரம்பித்தது.

ஆனால் முதல் குற்றவாளி ரயில் கார்டுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆள் போகும்போதும் வரும்போதும் கதவருகே நின்று ஏதோ சீண்டிவிட்டுப் போகிறான். நாயைக் குரைக்க வைப்பதும் அவனே, புகார் கொடுப்பதும் அவனே. கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, புதன்கிழமை காலையில் வாசலுக்கு வெளியே பிளாஸ்டர் மாவை மெல்லிசாகத் தூவி வைத்தார். மதியம் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். கார்டின் செருப்புத் தடம் ஓரிடத்திலும் நிற்காமல் நேராக மேலே ஏறிப் போயிருந்தது.

"பாத்தியா, எவ்வளவு கெட்டிக்காரன்! வேணும்னே நிக்காமப் போயிருக்கான்."

மனைவி துடைப்பத்தை எடுத்து வந்து மாவைக் கூட்டினாள். அதையும் அவள் நோட்டில் எழுதியதை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க பிஸ்கட் தீர்ந்ததுதான் மிச்சம். பீரங்கி நிறுத்தும், வாங்கித் தின்னும், மறுபடியும் ஆரம்பிக்கும். சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துவிட்டார்.

"காலை 8.10. படியில் யாரோ. அவர் எழுந்தார். குரைத்தது."

"9.40. பேப்பர்காரர். அவர் எழுந்தார். குரைத்தது."

"11.00. அவர் கடைக்குப் போயிருந்தார். மேல்மாடிக்காரர் ஏறிப் போனார். குரைக்கவில்லை."

பக்கம் பக்கமாக அதேதான். நாற்காலி கிறீச்சிட்டு இவர் எழுந்த ஒவ்வொரு தடவையும், திருடன் வந்துவிட்டான் என்று நம்பி பாவம் அந்த நாய் இவருக்குத் துணைக்கு வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"மதியம் 2.15. நான் போனில் பேசினேன். அவர் எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றார். குரைத்தது."

கதவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஈரத் தலையோடு அவள் வந்து நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்புவீங்களா? நானும் டாக்டரம்மாவும் கூட்டுச் சதின்னு சொல்லியிருப்பீங்க."

அது நியாயந்தான். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஓனர் வந்து சோபாவில் சாய்ந்தார். பல்செட்டுக்காரர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மெழுகைச் சூடாக்கினார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பீரங்கி தலையைத் தூக்கி அவரைத்தான் பார்த்தது. அவருக்கு உள்ளங்கால் அரித்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சத்தம் மேலே போய் அடங்கியது. பீரங்கி தலையைத் தாழ்த்தியது.

அடுத்து உள்ளறையில் போன் அடித்தது. மனைவி எழுந்து போனாள். தணிந்த குரலில் ஏதோ பேசினாள், நடுவில் சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்க வைக்கிற ஆள் யார்? பீரங்கி மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கையிலிருந்த முன்பல்லை மெழுகில் வைத்து அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். பல் முழுசாக உள்ளே புதைந்துவிட்டது. நாய் ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது.

ஆறு மணிக்கு ஓனர் எழுந்தார். "பரவாயில்லயே, திருத்திட்டீங்களே. இருக்கட்டும் நாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி வந்து நோட்டைப் பிரித்து மேஜைமேலேயே வைத்து எழுதினாள். "5.20. போன் வந்தது. அவர் எழவில்லை." அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, கூடவே, பள்ளிக்கூடத்தில் பாஸானது போல ஒரு சந்தோஷமும் வந்தது.

"யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அவர் காலடியில் கிடந்த பீரங்கியைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "தூங்குது."