எட்டாக்கை ஊர்

எந்த ஊர் எவ்வளவு எட்டாக்கை என்று தரம் பிரிப்பது அவனுடைய உத்தியோகம். பெரிய ஆஸ்பத்திரி எத்தனை தூரம், மழையில் பஸ் ஓடுமா என்றெல்லாம் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடுவான். ஐந்து என்றால் கண்காணாத இடம். அங்கே ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் ஆட்கள் கிடைக்கும்.

அவன் மனைவி டாக்டர். அவளுக்கு வாய்த்ததும் ஓர் ஐந்தாம் தர ஊர்தான். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். உடம்பு மட்டும்தான் வரும், பேச்சு முழுக்க அங்கேயே கிடக்கும். அதிலும் அங்கே ரத்தம் பரிசோதிக்கும் லேப்காரன் புராணம்.

"கரண்ட் போச்சுங்க. லேப்காரர் தன் பைக்கையே உள்ள தள்ளிட்டு வந்து, அதோட லைட் வெளிச்சத்துல தையல் போட வெச்சார்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு பிள்ளைங்க. ஏன், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அதற்கும் ஒரு சிரிப்பு. அதையும் லேப்காரன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டு வெந்தான் அவன்.

அந்த வருடம் தரங்களைத் திருத்தும் வேலை வந்தது. அவள் ஊருக்குப் போகும் பாலம் பாதியில் நிற்பது அவனுக்குத் தெரியும். முடிந்துவிட்டதாகப் போட்டான். ஐந்து, மூன்றாயிற்று. மூன்றாம் தர ஊருக்குத் தனி டாக்டர் எதற்கு? இங்கேயே மாற்றிவிடுவார்கள் என்று மனப்பால் குடித்தான்.

டாக்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தவளை யார் விடுவார்கள்? ஒரு நர்சையும் லேப்காரனையும்தான் எடுத்தார்கள். லேப்காரனுக்கு இவன் ஊரிலேயே மாற்றல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்காரன் இவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மெலிந்த, கூச்சமான ஆள்.

"டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க சார். ஆளில்லாததால இந்த மாசம் வர முடியாதாம். யாரோ பாலம் முடிஞ்சதா எழுதிட்டாங்களாம். 'எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா சரி பண்ணிடுவார்'னு சொன்னாங்க."

ஆள் போனதும் மனைவிக்குப் போன் போட்டான்.

"எழுதினது நான்தான்."

"நீங்களா? ஏன்?"

"நீ அங்க சிரிக்கறது பொறுக்கல."

"இங்க ஒரு பிள்ளைக்கு ரத்தம் பாக்கணும்னா, ஆத்தைச் சுத்திக்கிட்டு டவுனுக்கு அனுப்பறேன்," என்றாள். "முதல்ல அதை மாத்துங்க. அப்புறமா பேசலாம்."

மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். சம்பள உயர்வு போயிற்று. தரம் ஐந்தானது. லேப்காரன் தானே மாற்றல் கேட்டு வாங்கித் திரும்பப் போனான்.

அவன் கிளம்பிய பஸ்ஸிலேயே இவனும் லீவு போட்டுவிட்டு ஏறினான். வழியெல்லாம் கண்டக்டரும் டிரைவரும் லேப்காரனிடம், "டாக்டரம்மா சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள். இவன் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.