மதிப்பிற்குரிய ஐயா

வேலையை விட்டு, வீட்டிலிருந்தே உள்அலங்காரத் தொழில் தொடங்கியவளுக்கு இன்னும் முதல் வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. தொழில் தொடர்புகளுக்கான இணையதளத்தில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கணவன் போனை நீட்டினான். "மதிப்பிற்குரிய ஐயான்னு எனக்கே அனுப்பியிருக்கே. கல்யாணமாகி இப்பதான் கொஞ்சம் மரியாதை கிடைச்சிருக்கு."

அவளுக்குக் கண் கலங்கியது. "யாருமே பதில் போடலைங்க."

"யாருன்னு பார்க்காமலே எழுதினா, வாங்குறவங்களுக்குத் தெரிஞ்சிடும்மா," என்றான் மெதுவாக.

அன்று ஒரு பல் டாக்டருடைய பக்கத்தை மட்டும் நிதானமாகப் படித்தாள். கிளினிக்கில் காத்திருக்கும்போதே குழந்தைகள் அழுவதாக அவர் அதில் வருந்தியிருந்தார். சிகிச்சை அறை கண்ணில் படாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போடும் விதத்தை அவருக்கு எழுதினாள்.

மாலையில் பதில் வந்தது: "நாளைக்குக் காலைல நேர்ல வந்து பார்க்க முடியுமா?"

"ஏங்க," என்று உள்ளே குரல் கொடுத்தாள். "நாளைக்குப் பிள்ளைங்கள ஸ்கூல்ல நீங்கதான் விடணும்."