பெரிய நம்பர்

மாப்பிள்ளைக்கு மேனேஜர் நாற்காலி மேல் கண். இல்லாமல் எப்படி இருக்கும்? கிரேன் செய்கிற பட்டறை மாமனாருடையது, நாற்காலியோ காலியாகக் கிடக்கிறது, வீட்டில் பெண்டாட்டி தினமும் "எப்போ?" என்று குடைகிறாள். முதலில் கிரேனில் பாரம் தொங்குகிற சட்டம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

காட்டிவிட்டால் போச்சு. ஸ்டாண்டர்டு புத்தகத்தைப் பிரித்து, அந்த ரக எஃகு எவ்வளவு இழுத்தால் அறும் என்று அட்டவணையில் தேடினான். பாழாய்ப்போன புத்தகம் ஒரு நம்பரைச் சொல்லாமல், நானூற்றிலிருந்து ஐந்நூற்றைம்பது மெகாபாஸ்கல் வரை என்றது. எவ்வளவு மட்டமான தகடும் நானூற்றுக்குக் குறையாது என்று அர்த்தம்; கணக்குக்கு எடுக்க வேண்டியதும் அதைத்தான். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று இந்த மகாராஜா எங்கே போயிருந்தாரோ! பெரிய நம்பர் கைக்கெட்டும்போது சின்னதை எடுக்க இவனுக்கென்ன பைத்தியமா? ஐந்நூற்றைம்பதைப் போட்டான். சட்டத்தின் எடையில் கால்வாசி குறைந்தது; அவ்வளவு எஃகும் மிச்சம்.

மாமனார் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். குறையே சொல்லவில்லை. இவனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு என்று மட்டும் சொன்னார்: சட்டம் முதன்முறை முழுப் பாரத்தைத் தூக்கும்போது, கணக்குப் போட்டவர்தான் அடியில் போய் நிற்க வேண்டும்.

மத்தியானம் இவன் சாப்பிடப் போகவில்லை. புத்தகத்தை மறுபடி எடுத்து, அடிக்குறிப்பு வரைக்கும் விரல் வைத்துப் படித்தான். பரீட்சைக்குக்கூட ஐயா அப்படிப் படித்ததில்லை. சாயங்காலம் புதுத் தாளோடு மாமனார் அறைக்குள் போய்த் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நானூறு போட்டே பண்ணிடலாம். சட்டம் கொஞ்சம் கனமாவே இருக்கட்டும்."

தாராளமாகப் பண்ணலாம் என்று அவர் கையெழுத்தும் போட்டார். இவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலிப் பேச்சை எடுக்கலாமென்று வாயைத் திறந்தான்.

"வழக்கமெல்லாம் ஒண்ணும் கிடையாது மாப்பிள்ளை, சும்மா சொன்னேன்," என்றார் அவர். "தினம் அதுக்கடியில வேலை பாக்கப் போறது நம்ம ஆளுங்கதான். அவங்க நின்னா ஐந்நூத்தம்பது, நீங்க நின்னா நானூறு. இது எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

மாமனார் புத்தகத்தை இவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தேடிக் காட்டுங்க. அப்புறம் நாற்காலியைப் பத்திப் பேசலாம்."