முறியடிக்கிறது

“‘மறுக்கிறது’ன்னு எழுதாதே. ‘முறியடிக்கிறது’ன்னு எழுது” என்றாள் அக்கா.

தம்பி அடித்துத் திருத்தினான். இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டும் கை. பேனா பிடித்தால் எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அக்கா வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கினாள். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த மருத்துவர் இவனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சட்டத்தின் தத்துவம் அவள் பாடம். சட்டம் சரியோ தவறோ, சட்டம் என்பதாலேயே அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று முப்பது வருடம் பல்கலைக்கழகத்தில் வாதாடியவள். சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்றுதான் பெயர். இப்போது, அவள் முன்பின் பார்த்திராத ஒரு பெண், அந்த வாதம் நிற்காது என்று ஏழு வருடம் உழைத்து ஆய்வேடு எழுதியிருந்தாள். அதை மதிப்பிட வேண்டிய தேர்வாளர் அக்காதான்; அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதுவது அந்த மதிப்பீட்டு அறிக்கை.

“உன்னையே தப்புன்னு சொல்றவளுக்காகவா இவ்வளவு பாடு?”

“சும்மா சொல்லலடா, நிரூபிச்சிருக்கா. நாலு மாசமா பதில் தேடிட்டேன். என்கிட்ட இல்லை.”

“உடம்பு தேறட்டும்க்கா, மெதுவா எழுதலாம்.”

“யார்கிட்ட கதை விடறே? நான் போனப்புறம் பதிவானா இது செல்லாது. வேற தேர்வாளரைத் தேடி, இன்னும் ரெண்டு வருஷம் அவளை இழுத்தடிப்பாங்க. விதி அப்படி.”

“எந்த மடையன் எழுதின விதி?”

“மடையன் இல்லை. நான்தான் எழுதினேன்.” சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது.

கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை நழுவியது. அவன் அவள் விரல்களைப் பிடிக்கப் போனான்.

“கையை எடு. அப்புறம் அது உன் கையெழுத்தாயிடும்.”

ஒவ்வொரு எழுத்தாக அவளே போட்டு முடித்தாள்.

“கிளம்பு. நாலு மணிக்கு மூடிடுவாங்க.”

“உன்னை விட்டுட்டு எப்படிக்கா…”

“உன் பொண்டாட்டி இருக்கா இல்ல? கிளம்புடா.”

அவன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணாலேயே விரட்டினாள்.

பல்கலைக்கழக அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. எழுத்தர் எச்சில் தொட்டுப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தம்பியின் கைபேசி அதிர்ந்தது. மனைவி.

“என்னங்க… அண்ணி போயிட்டாங்க.”

கவுண்டரின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். “சரி. வரேன்.”

எழுத்தர் நிமிர்ந்தார். “மேடம் இப்ப எப்படி இருக்காங்க?”

முத்திரை இன்னும் மைப்பெட்டியின் மேலேயே கிடந்தது. அக்காவின் வாய்க்குப் பயந்தே இத்தனை வருடத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவன் அவன்.

“மத்தியானம் எழுதி முடிச்சாங்க. ரொம்பத் தெளிவா இருந்தாங்க” என்றான். “வேணும்னா படிச்சுப் பாருங்க.”

எழுத்தர் கடைசி வரியில் விரலை வைத்தார். “‘என் வாதத்தை முறியடிக்கிறது.’ மேடமா இப்படி எழுதினாங்க?”

“அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன். கையெழுத்து அவங்களோடது. முத்திரையைப் போடுங்க சார்.”

குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. எழுத்தர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி, மூன்று இருபது என்று நேரம் குறித்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அவன் இறங்கும்போது வகுப்பு மாறும் நேரம். எதையோ பற்றி ஒருவரையொருவர் விடாமல் மறுத்துப் பேசியபடி மாணவர்கள் படி முழுவதையும் அடைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அவன் சுவரோரம் ஒதுங்கி, கடைசிப் பெண் கடந்து போகும்வரை அப்படியே நின்றான்.