விடு

...எதுங்கண்ணா, எதுங்கண்ணா என்று காலையிலிருந்து மூன்று பேர் அவளைப் போலச் சொல்லிக்காட்டியாயிற்று, டீ கொண்டுவந்தவன்கூடச் சொன்னான், அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது... பேனல் முன் நின்ற டயானா திரையைப் பார்த்தாள். ஓவர்லோடு. பட்டு முறுக்கும் மிஷினின் ரோலரில் நூல் சுற்றிக்கொண்டு, மோட்டார் முக்கிப் பார்த்து நின்றுவிட்டது. சிக்கை எடுத்ததும் ரீசெட் செய்து, மேஸ்திரி வீரபாகு விடு என்றால் பச்சையை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சேவூர் ஷெட்டில் ஓட்டுவதற்கு அதுதான் சொல், ஸ்டார்ட் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விடு என்றால் தொடாதே, விட்டுவிடு என்றும்தானே... நேற்று அந்தச் சந்தேகத்தில்தான் கேட்டாள், எதுங்கண்ணா? ஷெட் முழுக்கக் கேட்க அவள் குரலை மெல்லிசாக்கி அவர் பேசிக்காட்டினார். "பிஎஸ்ஸி ஃபிசிக்ஸாம், விடுன்னா இன்னான்னு தெர்லயாம். வாய்ல இன்னா, கொழுக்கட்டையா? விடுன்னா விடணும், அர்த்தம் கேட்டுகினு நிக்காத." ஜெயமும் சிரித்தாள். அன்று மதியம்தான் டயானாவின் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்ற ஜெயம், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்...

வீரபாகு மூடியைக் கழற்றி, ரோலருக்கும் அதைச் சுற்றவைக்கும் பட்டைக்கும் நடுவே கையை விட்டார். கை வைக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும், அவர் அணைப்பதில்லை, ஜல்தி, எல்லாமே ஜல்தி. எதிர்ப்பக்கம் ஜெயம் நூலின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். டயானாவின் விரல் ரீசெட்டை அமுக்கியது. இப்போது எதற்கு? சும்மாதான். சிவப்பு விளக்கு அணைந்து, நாற்பத்திரண்டு வந்தது, எப்போதும் ஓடுகிற வேகம். கீழ் அம்பு. முப்பது, இருபது, ஐந்து. ஐந்தில் விட்டால் என்ன ஆகும், மெல்லத்தான் சுற்றும், கை போகாது, நகம் போகும், தோல், கொஞ்சம் எலும்பு... வேகம் குறைந்தால் இழுவை குறையுமா? குறையாது, மோட்டாரை ஓட்டும் இந்த டிரைவ் ஐந்திலும் முழு பலத்தோடு இழுக்கும், படித்தவளுக்குத் தெரியாதா. அப்படியானால் எதற்குக் குறைத்தாய்? மெதுவாக நடக்கட்டும் என்றா? எண்தானே, எண்ணைப் பார்த்தால் பாவமா...

"இழுக்காத ஜெயம், சிக்கு இறுகுது. விடு... விடுன்றன்ல!"

ஜெயத்திடம்தான் சொல்கிறார், முகம் அந்தப் பக்கம் இருக்கிறது, பேர் சொல்லித்தான் சொன்னார், தெரியும், நன்றாகத் தெரியும். விடுன்னா விடணும். பச்சை.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஈரத் துணியைப் பிழிவது போல. அப்புறம்தான் அவர் கத்தினார், விடு, ஐயோ விடு, விடு என்று. அவள் விரல் நிறுத்துகிற சிவப்பின் மேல் இருந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு குரல் கேட்டது, எதுங்கண்ணா? அது கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் அமுக்கினாள்.

பட்டையை அறுத்துக் கையை எடுத்தார்கள். இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை. ஜெயம் தன் துப்பட்டாவைச் சுற்றினாள், பட்டு நூலெல்லாம் அரக்குச் சாயம் போட்டது போல ஆகியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. என் வாய்தான். நான்தான் விடுன்னேன்." ஜெயம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழுவாத கண்ணு, நீ இன்னா பண்ணுவ, அவரு சொன்னாரு, நீ விட்ட." அழவில்லையே, அழுவதாக ஏன் நினைக்கிறாள்... யாரோ டீ கொடுத்தார்கள். எதுங்கண்ணா என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். திரையில் இன்னும் ஐந்து. ஒருவரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் கேட்கத் தெரியாது, எப்போதும் நாற்பத்திரண்டு இருக்கிற இடத்தில் எதற்கு ஐந்து என்று. மேல் அம்பை அமுக்கினாள். ஆறு, ஏழு, எட்டு... இப்போது விரல் நடுங்கும் என்று காத்திருந்தாள், இருபதில் நடுங்கும், முப்பதிலாவது... நாற்பத்திரண்டு வந்தது. விரலை எடுத்து, பாவாடையில் துடைத்து, மறுபடி பார்த்தாள். அது சும்மாதான் இருந்தது.