மிதித்தால் மெதுவாகப் போகும் கார்

உலகத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால் மெதுவாகவும், காலை எடுத்தால் வேகமாகவும் போகிற கார் ஒன்றே ஒன்றுதான், அது தன்னிடம்தான் இருக்கிறது என்று லிஃப்ட்காரர் சொன்னபோது, மெக்கானிக்கான அவருடைய மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பட்டறைத் தகரக் கூரையிலிருந்த நாற்பது புறாக்களும் கிளம்பி, அடுத்த ஊரில் குடித்தனம் பார்த்துக்கொண்டன.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏறியதையெல்லாம் கூட்டினால் நிலாவைத் தாண்டியிருப்பார். ஒரு நாளும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றதில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்போது ரயில்வே மேம்பாலம் என்றாலே பயம். இரண்டு வாரமாக அந்த ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் கார் அடங்கிப்போகிறது. பின்னால் வரும் லாரி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

போன வருஷம் அவருடைய வலது கால் மூன்று நாள் மரத்துக் கிடந்தது. சரியாகிவிட்டது என்றார் டாக்டர். மகள்தான் நம்பவில்லை. பாலத்துக் கதையைக் கேட்டதும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை மாமாகிட்ட குடுத்துடுங்கப்பா" என்று போனில் சொல்லிவிட்டாள். சாவி போவதைவிட வேறொன்று அவரைத் தூங்கவிடவில்லை. தான் மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, கால் மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ? செருப்புக்குள் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார். அசைந்தது. காலையிலிருந்து அது நானூறாவது தடவை.

"அத்தான், போன மாசம்தான் முழு சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன். நேத்து நானே ஓட்டியும் பார்த்தாச்சு. குதிரை மாதிரி போகுது."

"எங்க ஓட்டின?"

"நம்ம தெருவுலதான்."

"அதுல பதினோரு வேகத்தடை இருக்கு. குதிரையே நொண்டிட்டுத்தான் போகும்."

மச்சான் கையைத் துடைத்தான். குரலைத் தணித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க. கால் எப்படி இருக்கு?" என்றான்.

லிஃப்ட்காரர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பதில் சொன்னது பின்சீட்டில் இருந்த அவர் மனைவி, மச்சானின் அக்கா. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். "ரெண்டு பேரும் ஏறுங்க. பாலத்துலயே போய்ப் பார்த்துடலாம்."

பட்டறையிலிருந்து பாலம் அரைக் கிலோமீட்டர். அதற்குள் அவருக்கு அரை வாளி வியர்த்தது. ஏற்றம் தொடங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பத்தடி துள்ளிய கார், யாரோ கழுத்தைப் பிடித்தது போல அடங்கியது. முள் நாற்பதிலிருந்து முப்பதுக்கு வந்தது, பிறகு இருபது. பின்னால் மணல் லாரி ஹாரனை அமுக்கியது. அந்தச் சத்தத்தில் அவருடைய பல்செட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"நல்லா மிதிங்க அத்தான்."

"மிதிச்சிருக்கேன்."

"முழுசா."

"இதுக்கு மேல மிதிச்சா கால் தார்ல படும்டா."

பயத்தில் கால் தானாக மேலே வந்துவிட்டது. உடனே கார் மூச்சு வந்தது போல முன்னால் பாய்ந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி அடங்கியது. விட்டு விட்டு, நத்தை முந்திவிடும் வேகத்தில், எப்படியோ பாலத்தின் மறுபக்கம் இறங்கி ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

"காலை எடுத்து எடுத்து வச்சீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றான் மச்சான்.

"அப்ப நீ ஓட்டு" என்றாள் அக்கா.

இடம் மாறினார்கள். திரும்பும் ஏற்றத்தில் பாதி வரை மச்சான் சீட்டியடித்துக்கொண்டு போனான். அப்புறம் அழுத்தினான். முள் சரிந்தது. இன்னும் அழுத்தினான். இப்போது பின்னால் பேருந்து. கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். மச்சானின் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. பக்கத்தில் இருந்த லிஃப்ட்காரர், கதவுப் பிடி கையோடு வந்துவிடும்படி இறுக்கிக்கொண்டு அவனுடைய செருப்பைப் பார்த்தார். அது தரையோடு தரையாக இருந்தது. உயிர் தொண்டையில் நின்ற அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

"இப்ப நீ காலை எடு" என்றார்.

"எடுத்தா நின்னுடும் அத்தான்."

"எடுடா, பஸ்ஸு மேல ஏறப்போகுது."

எடுத்தான். கார் பாய்ந்தது.

பாலத்தின் இறக்கத்தில் ஓரங்கட்டி, மச்சான் பானெட்டைத் திறந்தான். "பெட்ரோல் பம்பா இருக்கும். இல்ல, ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்றான், யாரையும் பார்க்காமல்.

"பசியில வாடுறது வேற, மூச்சு முட்டுறது வேற" என்றாள் அக்கா. "நீ மிதிக்கிறப்ப உள்ள ஒரு விசில் கேட்டுச்சு. காத்தை இழுக்குது, போக மாட்டேங்குது. தொண்டையில என்னவோ இருக்கு."

"அக்கா, இது பேஷன்ட் இல்ல."

"திறந்து காட்டு."

காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினான். இரண்டு விரலை உள்ளே விட்டவன், அப்படியே நின்றான். பிறகு மெல்ல இழுத்தான். வெளியே வந்தது கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை, மணிக்கட்டுப் பொத்தானோடு.

சர்வீஸுக்குத் திறந்த குழாய்க்குள் திருகாணி விழுந்துவிடாமல் இருக்க, தன்னுடைய பழைய சட்டையைக் கிழித்துத் திணித்து வைப்பது அவன் பழக்கம். போன மாதம் எடுக்க மறந்து மூடியிருக்கிறான். மெதுவாகப் போனால் துணி அடியில் படுத்துக் கிடக்கும். மிதித்தால் காற்று அதையும் சேர்த்து இழுத்து வழியை அடைத்துவிடும். காலை எடுத்தால் விழுந்துவிடும்.

"சட்டை நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்டா கிழிச்ச?" என்றாள் அக்கா.

குழாயை மாட்டினார்கள். லிஃப்ட்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காரை மறுபடி பாலத்துப் பக்கம் திருப்பினார். துணி வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தும், ஏற்றத்தின் தொடக்கத்தில் கட்டைவிரலை இன்னொரு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார். இப்போதும் அடங்கினால் சாக்கு சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடாமல் மிதித்தார்.

கார் போன வேகத்தில் முதுகு மூன்றும் சீட்டோடு ஒட்டிக்கொண்டன. பாலத்தின் உச்சியில் நாலு சக்கரமும் தரையைவிட்டு எழும்பின என்று அவர் இன்றும் சொல்கிறார். அதை யாரும் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் மகளுக்குப் போன் போட்டு மச்சானிடம் நீட்டினார். மச்சான் சட்டைக் கையைப் பாக்கெட்டில் திணித்துவிட்டுப் போனை வாங்கினான்.

"பாப்பா, மாமா பேசுறேன். உங்கப்பா சொன்னது நிஜம்தான்மா. மிதிச்சா மெதுவாத்தான் போச்சு, காலை எடுத்தா ஓடுச்சு. நானே மிதிச்சேன். அவர் கால்ல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது."